முட்டையை எங்கே எடுப்பது? டிராகன் வளர்க்க மூன்று இடங்கள்

ஓணம் லீவுக்குக் குலசேகரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகள் கைபேசியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "சித்தி, எனக்கும் டிராகன் வளக்கணும். எதுல சேர?"

அவள் வகுப்பில் மூன்று பேர் இணைய விளையாட்டுகளில் டிராகன் வளர்க்கிறார்கள். ஒருத்தி டிராகன் சிட்டி, இன்னொருத்தி ஃப்ளைட் ரைசிங், மூன்றாமவள் டிராகன் கேவ். மூவரும் இவளைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். மூன்றிலும் சேர்ந்துகொள் என்று சொல்லிவிடலாம். ஆனால் பள்ளிக்கூடமும் டியூஷனும் போக அவளுக்கு மிஞ்சுவது ஒரு நாளில் அரைமணி நேரம். டேட்டாவும் அம்மாவின் கைபேசியில் மிச்சம் இருந்தால்தான். அதனால் ஒன்றில்தான் ஊன்றி நிற்க முடியும்.

நான் டிராகன் கேவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஃப்ளைட் ரைசிங்கில் ஐந்து வருடம். நடுவில் கைபேசி டிராகன் விளையாட்டு ஒன்றில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தேன். அவளுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிற்கிற பிள்ளைகளும், பிள்ளைகள் கேட்கும்போது என்ன சொல்வதென்று தெரியாத பெரியவர்களும் இருப்பார்கள்.

முதலில் ரப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய பாட்டா வீட்டுக்குப் பின்னால் ரப்பர் நாற்றங்கால் வைத்திருக்கிறார். ஒட்டு வைப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். விதையில் முளைத்த கன்றின் அடித்தண்டில், பட்டையைக் கத்தியால் ஒரு சின்ன ஜன்னல் போலக் கீறித் திறப்பார். நல்ல மரத்தின் குச்சியிலிருந்து மொட்டோடு எடுத்த பட்டைத்துண்டை அதற்குள் செருகிப் பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார். மூன்று வாரம் கழித்து நாடாவை அவிழ்த்து, நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார். பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது. கறுத்திருந்தால் போச்சு. எங்கள் பக்கம் எல்லோரும் நடுகிற ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரப்பர் ரகம் இப்படித்தான் தோட்டம் தோட்டமாகப் பரவியது. ஆனால் அந்த 105 தானாக வந்ததல்ல. ஜிர் 1, ஜிஎல் 1 என்ற இரண்டு ரகங்களைச் சேர்த்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறப்பித்த பிள்ளை அது. பாட்டா கையில் நடப்பது நகல் எடுப்பது. இரண்டைச் சேர்த்து மூன்றாவது என்ன வரும் என்று காத்திருக்கிற வேலை அவருக்குக் கிடைத்ததே இல்லை.

டிராகன் விளையாட்டில் நமக்குக் கிடைப்பது அந்த இரண்டாவது வேலைதான். இரண்டைச் சேர்க்கிறோம், முட்டை வருகிறது, பொரிகிறது, அதற்குத் தாய் தகப்பன் யாரென்று ஏட்டில் ஏறுகிறது. அதனால் படம் எவ்வளவு அழகு என்பதை வைத்து நான் முடிவு செய்ய மாட்டேன். நான் பார்ப்பது மூன்று விஷயம். வம்சம் கண்ணுக்குத் தெரிகிறதா? காத்திருப்பதற்கு மதிப்பு இருக்கிறதா, இல்லை காசு கொடுத்தால் அதைத் தாண்டிவிடலாமா? பரீட்சையோ மழையோ வந்து பத்து நாள் விலகினால் என்ன ஆகும்?

கைபேசி விளையாட்டுகளை முதலில் முடித்துவிடுகிறேன், அங்கே பேச அதிகம் இல்லை. ஸ்பெயின் நாட்டு சோஷியல் பாயின்ட் நிறுவனத்தின் டிராகன் சிட்டி, 2011-ல் வந்த டிராகன்வேல், இவை எல்லாம் ஒரே அடிப்படையில் நடக்கின்றன. ஒரு தீவு அல்லது பூங்கா நமக்குக் கிடைக்கும். டிராகனுக்கு இருப்பிடம் கட்டினால் அது தங்கம் ஈட்டும், தங்கத்தில் தீனி வரும், தீனியில் டிராகன் வளரும். நெருப்பு டிராகனையும் நீர் டிராகனையும் சேர்த்தால் இரண்டும் கலந்த புது வகை வரும். ஆரம்பத்தில் மிக இனிமையாக இருக்கும், பொய் சொல்லவில்லை. டிராகன்வேலில் முட்டைக்கு எத்தனை மணி நேரம் என்று காட்டுவதை வைத்தே உள்ளே என்ன இருக்கும் என்று கணிக்கலாம். அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும்.

சிக்கல் பிறகு வரும். மேலே போகப் போகக் காத்திருப்பு நீளும். ரத்தினம் கொடுத்தால் அந்தக் கணமே முடியும். ரத்தினம் காசுக்குக் கிடைக்கும். விழா, போட்டி என்று எப்போதும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே வம்சம் என்று ஒன்றும் இல்லை. பிறந்த குட்டி இன்ன வகை, இன்ன படி என்பதோடு சரி. அதன் தாய் யார் என்று எங்கும் பார்க்க முடியாது. இன்னொன்று, இவை நிறுவனத்தின் கைக்கு ஏற்ப மாறுபவை. டிராகன்வேலைச் செய்த பேக்ஃபிளிப் ஸ்டுடியோஸ் 2019-ல் மூடப்பட்டது. டெகா கேம்ஸ் எடுத்து நடத்தியதால் அந்த விளையாட்டு பிழைத்தது. நான் இருந்த விளையாட்டில் கைபேசியை மாற்றியதும் கணக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டு வருடத் தீவு போனது போனதுதான். அக்கா மகள் அம்மாவின் கைபேசியில் விளையாடுகிறவள். அவளுக்கு இது வேண்டாம் என்று முதலிலேயே தள்ளிவிட்டேன்.

மிச்சம் இரண்டு. டிராகன் கேவும் ஃப்ளைட் ரைசிங்கும் தனிச் செயலி எதுவும் இல்லாமல் பிரவுசரிலேயே நடப்பவை. இரண்டும் ஒன்று போலத் தோன்றும். உள்ளே போனால் இரண்டு வேறு உலகம்.

டிராகன் கேவ் 2006-ல் தொடங்கியது. ஒரு குகை, அதைச் சுற்றி ஆறு நிலங்கள்: கடற்கரை, மலை, காடு, அடர்காடு, பாலைவனம், எரிமலை. ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் மூன்று முட்டைகள்தான் தெரியும். பெயர் எழுதியிருக்காது. முட்டை எப்படி இருக்கிறது என்று ஒற்றை வரி வர்ணனை மட்டும். அந்த வரியைப் படித்து இது இன்ன வகை என்று புரிந்துகொண்டு அழுத்துவதற்குள் உலகத்தின் வேறு மூலையில் யாரோ எடுத்துவிடுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புது முட்டைகள் விழும். பழகிய பிறகு வர்ணனையின் முதல் இரண்டு வார்த்தை போதும், விரல் தானாகப் போகும். கொளச்சலில் மீன் ஏலம் நடக்கும்போது கூடையைப் பார்த்த நொடியில் விலை சொல்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தப் பழக்கம்தான் இங்கேயும்.

எடுத்த முட்டைக்கு ஏழு நாள் ஆயுள். அதற்குள் பொரிய வேண்டும். பொரிவதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது, மற்றவர்கள் அதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு குறியீடு, ஒரு சுட்டி உண்டு. போதுமான பேர் பார்த்திருந்து, மீதி நாள் நான்குக்குக் கீழே போனால் ஓட்டில் விரிசல் விழும், பிறகு சின்ன ஓட்டை, பிறகு குட்டி. குட்டிக்கும் அதே ஏழு நாள், அதே கணக்கு. எல்லாம் சரியாகப் போனால் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஆறு நாள் ஆகும். பார்வை போதாமல் நாள் முடிந்தால் செத்துவிடும்.

அதிகம் பேர் ஒரேயடியாகப் பார்த்தாலும் ஆபத்துதான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சேர்ந்த முதல் வாரம், எடுத்த கையோடு முட்டையின் சுட்டியைக் கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பாசக்காரிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள், போதாததற்குத் தம்பி தங்கைகளையும் அழுத்தச் சொன்னார்கள். அரைமணி நேரத்தில் ஓடு மென்மையாகிவிட்டது என்று வந்தது. நோய் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே அதை மூடுபனிக்குள் மறைத்தேன். அப்படி ஒரு வசதி இருக்கிறது, மறைத்து வைத்தால் யார் கண்ணிலும் படாது. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டேன். ராத்திரி இரண்டு தடவை எழுந்து பார்த்தேன். மறுநாள் தேறிவிட்டது. இப்போதும் என் சேகரிப்பில் முதலில் நிற்பது அதுதான்.

சாவு என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. எங்கள் பக்கம் ரப்பரும் வாழையும் படுத்துக் கிடந்தன. கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் எங்களுக்குக் கரண்ட் இல்லை, போன் இல்லை. அந்த நாட்களில் யாருக்கும் முட்டை நினைப்பில் இருக்காது, எனக்கும் இல்லை. எல்லாம் ஒருவாறு அடங்கிய பிறகு ஒருநாள் திறந்து பார்த்தேன். மூன்று முட்டைகள் செத்திருந்தன. வளர்ந்து முடித்தவை எல்லாம் அப்படியே இருந்தன. வளர்ந்த டிராகனுக்குத் தீனி வேண்டாம், பார்வை வேண்டாம், வருடக்கணக்கில் விட்டுவிட்டு வந்தாலும் இருக்கும். அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். மழைச் செய்தி வந்தால், ஊருக்குப் போவதாக இருந்தால், புது முட்டை எடுப்பதில்லை. அக்கா மகளுக்கும் இதையேதான் சொன்னேன்: பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது முட்டை எடுக்காதே. கையில் முட்டை இல்லாத டிராகன் கேவ் நம்மிடம் ஒன்றுமே கேட்காது.

இந்த இடத்தில் ஃப்ளைட் ரைசிங் வேறு குணம். 2013-ல் வந்தது. அங்கே எதுவும் சாவதில்லை. முட்டையை அடைகாக்க ஐந்து நாள் ஆகும். நடுவில் மறந்துபோனாலும் கூட்டில் பத்திரமாக இருக்கும். மென்மையான மனசுள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல். என் தோழி ஒருத்தி டிராகன் கேவில் ஒரு குட்டி செத்ததும் விட்டுவிட்டு ஃப்ளைட் ரைசிங் போனாள், இன்றுவரை சந்தோஷமாக இருக்கிறாள்.

சேரும்போதே பதினோரு கூட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: நிலம், நீர், நெருப்பு, காற்று, மின்னல், பனி, ஒளி, நிழல், மாயம், இயற்கை, கொள்ளைநோய். நம் கூட்டில் பிறக்கும் குட்டியின் கண், நம் கூட்டத்தின் நிறத்தில் இருக்கும். அதை நாளைக்கு யாருக்கு விற்றாலும் அந்தக் கண் நிறம் மாறாது. எந்த ஊர்க்காரன் என்று பேச்சிலேயே தெரிந்துவிடுவது போல, எந்தக் கூட்டத்தில் பிறந்தது என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். இது எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு.

ஃப்ளைட் ரைசிங்கின் உயிர் நிறத்தில் இருக்கிறது. ஒவ்வொரு டிராகனுக்கும் மூன்று நிற இடங்கள்: உடம்புக்கு ஒன்று, சிறகுக்கு ஒன்று, மேல் அலங்காரத்துக்கு ஒன்று. தோவாளை மாணிக்க மாலையை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை நொச்சி இலை. மூன்றும் எந்த வரிசையில் மடிந்து வருகின்றன என்பதில்தான் மாலையின் அழகு. இங்கே அந்த மூன்று இடத்துக்கும் 177 நிறங்கள் இருக்கின்றன. முதலில் 67 நிறங்களே இருந்தன, 2016-ல் கூட்டினார்கள்.

நிறங்கள் எல்லாம் ஒரு வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். தாயின் நிறம் வட்டத்தில் ஓரிடத்தில், தகப்பன் நிறம் ஓரிடத்தில். இரண்டுக்கும் நடுவில் எந்தப் பக்கம் தூரம் குறைவோ, அந்தப் பக்கத்தில் இருக்கும் நிறங்களில் ஒன்று குட்டிக்கு வரும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து நிறம் என்றால் குட்டிகள் எல்லாம் அச்சில் வார்த்தது போல வரும். எதிரெதிர் என்றால் என்ன வரும் என்றே சொல்ல முடியாது. நல்ல ஜோடி சேர்ப்பவர்கள் இந்த வட்டத்தை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். நிறம் மட்டுமில்லை, உடம்பில் வரும் வரி, புள்ளி, மினுக்கம் இவற்றுக்குத் தனித்தனி மரபணு உண்டு, அதுவும் தாய் தகப்பனிடமிருந்து வரும். நெருங்கிய உறவை அங்கே சேர்க்கவே முடியாது, ஐந்து தலைமுறைக்குள் சொந்தம் இருந்தால் விளையாட்டு மறித்துவிடும். டிராகன் கேவில் அப்படித் தடை இல்லை. ஆனால் உறவுக்குள் சேர்த்த வம்சத்தைப் பார்த்ததும் அனுபவசாலிகள் முகம் சுளிப்பார்கள், மாற்றிக்கொள்ள யாரும் வர மாட்டார்கள். தடை எழுதியிருக்கவில்லை, ஊர் வழக்கம்தான் நடத்துகிறது.

சரி, காசு. ஃப்ளைட் ரைசிங்கில் இரண்டு வகைப் பணம். ஒன்று விளையாடியே சம்பாதிப்பது. சின்னச் சின்ன விளையாட்டுகளில் ஒரு நாளைக்கு அந்த விளையாட்டுப் பணம் 75,000 வரை ஈட்டலாம். இன்னொன்று ரத்தினம், அது காசுக்கும் கிடைக்கும். காசே போடாமல் ரத்தினம் சேர்க்கவும் வழி இருக்கிறது, விளையாடிச் சம்பாதித்த பணத்தைக் கொடுத்து மற்றவர்களிடம் மாற்றிக்கொள்ளலாம். நான் ஐந்து வருடத்தில் ஒரு ரூபாய்கூடப் போட்டதில்லை. ஆனாலும் சந்தை என்று ஒன்று இருக்கும்போது மனம் அதைச் சுற்றியே ஓடும். ஆடை, மரபணு, சிறகு அலங்காரம் என்று ஆசைப்படப் புதிதாக ஏதாவது வந்துகொண்டே இருக்கும். விலை போகாத குட்டிகள் சேர்ந்து கூடு நிரம்பிவிட்டால், அவற்றைத் தெய்வத்துக்கு ஊழியம் செய்ய அனுப்பிவிடலாம், அதற்கும் பணம் வரும். அனுப்பினால் திரும்பி வராது. ஐந்து நாள் அடைகாத்துப் பெயர் வைத்த குட்டியை இடம் போதவில்லை என்று அனுப்புவது எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

டிராகன் கேவில் காசு கொடுத்து டிராகன் வாங்க வழியே இல்லை. தங்கம், வெள்ளி என்று அபூர்வ வகைகள் இருக்கின்றன. அவை வேண்டுமென்றால் பெரும்பாலும் குகையில் காத்துக் கிடந்து எடுக்க வேண்டும், அல்லது வளர்த்தவர்களிடம் நம்மிடம் இருப்பதைக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றுவதற்குக்கூட மாஜி என்ற வகை டிராகன் ஒன்று நம்மிடம் வளர்ந்திருக்க வேண்டும், முட்டையை இங்கிருந்து அங்கே கொண்டு சேர்ப்பது அதன் சக்தி. சிவப்பு டிராகன் முட்டைக்குச் சூடு கொடுத்து ஒரு நாளைக் குறைக்கும். ஊதா டிராகன் இருந்தால் ஒன்றுக்கு மேல் முட்டை வர வாய்ப்புக் கூடும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இந்த வகைகளை முதலில் வளர்த்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிற வேலை எல்லாம் இவற்றை வைத்துத்தான்.

நேர வித்தியாசம் என்ற ஒன்றைப் பற்றி நம் ஊரில் விளையாடுகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இரண்டுமே அமெரிக்கக் கடிகாரத்தில் ஓடுகின்றன. டிராகன் கேவின் நள்ளிரவு நமக்குக் காலை 9.30. அங்கே நவம்பர் தொடக்கத்தில் கடிகாரத்தை மாற்றிய பிறகு மார்ச் வரை காலை 10.30. கிறிஸ்துமஸ், காதலர் தினம், ஹாலோவீன் என்று வருடத்தில் மூன்று விழாக்காலங்களில் வரும் சிறப்பு முட்டைகளுக்கு இது முக்கியம். அந்த வகைகளை அந்தந்தக் காலத்தில்தான் இணை சேர்க்கவும் முடியும். கிறிஸ்துமஸுக்கு அரையாண்டு லீவு இருக்கும், பிரச்சினை இல்லை. ஃப்ளைட் ரைசிங்கின் நாள் நமக்கு மதியம் 12.30-க்குத் தொடங்குகிறது, குளிர்காலத்தில் 1.30-க்கு. அதாவது பள்ளிக்கூடம் விட்டு வந்து சாயங்காலம் செய்தாலும் அன்றைய வேலை அன்றைக்கே முடியும். தினமும் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறவர்களுக்கு இது வசதி.

டேட்டாவில் டிராகன் கேவ்தான் முன்னே நிற்கும். எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிப் படங்கள். பேச்சிப்பாறை அணைக்குப் போகிற வழியில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகும் இடத்திலும் எனக்குப் பக்கம் திறந்திருக்கிறது. ஃப்ளைட் ரைசிங் படங்கள் பெரியவை, ஆடை அலங்காரத்தோடு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

இப்போது எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படும் விஷயம், வம்சம். டிராகன் கேவில் இரண்டு வகையைச் சேர்த்தால், குறிப்பிட்ட சில ஜோடிகளைத் தவிர, கலப்பு வராது. குட்டி தாயின் வகையாக இருக்கும் அல்லது தகப்பனின் வகையாக இருக்கும். ஃப்ளைட் ரைசிங்கிலிருந்து வருகிறவர்கள், அப்படியானால் சேர்ப்பதில் என்ன சுவாரசியம் என்று கேட்பார்கள். சுவாரசியம் குட்டியின் உடம்பில் இல்லை, அதன் பின்னால் விரியும் மரத்தில் இருக்கிறது. எந்த டிராகனை அழுத்தினாலும் தாய் தகப்பன், பாட்டன் பாட்டி என்று கிளைகிளையாகப் படத்தோடு வரும். அந்தப் படத்தை எப்படி நெய்கிறோம் என்பதுதான் அங்கே கலை.

குகையில் எடுத்த முட்டைக்கு முன்னோர் இல்லை, அது முதல் தலைமுறை. அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் இரண்டாம் தலைமுறை. இங்கிருந்து பாதை பிரியும். ஒவ்வொரு தலைமுறையிலும் சம தலைமுறைக்காரர்களையே சேர்த்துக்கொண்டு போவது ஒரு முறை. ஆண் எல்லாம் ஒரு வகை, பெண் எல்லாம் ஒரு வகை என்று வைத்தால் மரம் முழுக்கச் சதுரங்கக் கட்டம் போல மாறி மாறி வரும். அழகு சொல்லி மாளாது. ஆனால் ஐந்தாம் தலைமுறையில் ஒரு குட்டி வேண்டுமென்றால் குகை முட்டை பதினாறு, அப்புறம் எட்டு, நாலு, இரண்டு, ஒன்று. ஆக 31 டிராகன். இன்னொரு முறை படிக்கட்டு. ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாக ஒரு குகை டிராகனைக் கொண்டுவந்து சேர்ப்பது. ஐந்தாம் தலைமுறைக்குக் குகை முட்டை ஐந்து, பிறந்தவை நாலு, மொத்தம் ஒன்பதே டிராகன். இரண்டுக்கும் குறைந்தது ஒரு மாதம் ஆகும், தலைமுறைக்கு ஆறு நாள் கணக்கில். ஆனால் உழைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

நடுவில் தடை வரும். ஒரு டிராகன் வாரத்துக்கு ஒரு தடவைதான் இணை சேரும். சில சமயம் முட்டையே வராது. வருகிற முட்டையும் நமக்கு வேண்டிய வகையாக இருக்காது. மோசமானது, இரண்டும் ஒன்றையொன்று ஏற்காமல் போவது. ஒரு தடவை வேண்டாம் என்றால் அந்த ஜோடி எப்போதும் வேண்டாம்தான். என் சதுரங்க வம்சம் ஒன்று நாலாம் தலைமுறையில் அப்படி நின்றது. பதினாறு குகை டிராகன்களிலிருந்து தொடங்கி அந்த ஒரு ஜோடிக்காகவே வளர்த்து வந்தது. பிறகு ஆணை மட்டும் வைத்துக்கொண்டு பெண் பக்கத்தை முதலிலிருந்து நெய்தேன். ஏழு வாரம் ஆனது. ஐந்தாம் தலைமுறை முட்டை வந்த அன்று என் கடையில் பிரிண்ட் எடுக்க வந்தவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, என்ன பெயர் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஃப்ளைட் ரைசிங்கிலும் வம்சாவளிப் பக்கம் உண்டு. ஆனால் அங்கே பலருக்கு அது தேவையில்லை. நிறம் பிடித்தால் வாங்குவார்கள், நிறத்தையும் மரபணுவையும் பிறகு மாற்றிக்கொள்ளச் சுருள்கள் இருக்கின்றன. பிறந்தபோது என்ன என்பதைவிட இப்போது என்ன என்பதுதான் அங்கே பேச்சு. ஓவியம் வரைகிறவர்கள், ஆடை சேர்த்துப் பார்த்து ரசிக்கிறவர்கள், கதை எழுதுகிறவர்கள் அங்கேதான் போக வேண்டும். வரைகிற பிள்ளை என்னிடம் கேட்டால் யோசிக்காமல் ஃப்ளைட் ரைசிங் என்பேன்.

அக்கா மகள் வரைகிறவள் இல்லை. பாட்டாவோடு நாற்றங்காலில் நின்று எந்தக் கன்று பிடித்தது, எது போனது என்று நோட்டில் எழுதி வைக்கிறவள். கணக்கு வைப்பது பிடிக்கும், நாளை எண்ணிக் காத்திருப்பது பிடிக்கும். அதனால் டிராகன் கேவில் சேர், படிக்கட்டில் தொடங்கு, சதுரங்கத்துக்கு அடுத்த வருடம் போகலாம் என்றேன். சொந்தப் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் எங்கேயும் போடாதே என்றும் சொன்னேன். முதல் முட்டையின் சுட்டியை வகுப்புக் குழுவில் போடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன்.

அன்று ராத்திரியே கடற்கரை நிலத்தில் ஒரு முட்டை எடுத்தாள். நான் நாகர்கோவில் திரும்பிவிட்டேன். நாலாம் நாள் காலை, கடை திறக்கப் போகும் நேரத்தில் செய்தி வந்தது. "சித்தி, ஓட்டை விழுந்துட்டு. உள்ள என்னமோ தெரியுது." மத்தியானம் குட்டியின் படம் வந்தது. பெயர் வைக்க வேண்டும், ஆனால் டிராகன் கேவில் ஒரு பெயரை ஒரு டிராகனுக்குத்தான் வைக்கலாம், நல்ல பெயர் எல்லாம் போயிருக்கும். அவள் நினைத்த நான்கும் போயிருந்தன. பாட்டாவிடம் கேட்டிருக்கிறாள். டிராகன் என்றால் என்ன என்று விளக்கி முடித்ததும் அவர் கேட்ட கேள்வி, "தண்ணில கெடக்கதா, மலைல கெடக்கதா?" கடற்கரையில் எடுத்தது என்றாளாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கட்டும் என்று பேச்சிப்பாறை என்றார். ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்த்தாள். யாரும் எடுத்திருக்கவில்லை.